புள்ளிப் பொருத்தம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஜன்னல் பக்கம் மட்டும் கேக்காதீங்க, எனக்குக் காத்து வேணும். இந்தப் பெட்டியை நான் மடியில வச்சுக்கிறேன். லட்டு. நசுங்கிரக் கூடாது.

ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது. எண்ணக் கூடாது, சும்மா ஒரு பார்வை பாத்துட்டுச் சொல்லணும். இந்தப் பஸ்ல எத்தனை பேரு இருக்கோம்?

அறுபதா?

ம்.

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. அறுபதுன்னா அறுபது. நான் அப்படியெல்லாம் பாக்குற ஆளு இல்ல, எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். நானா இருந்தா முப்பதுன்னு சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். உங்க பையை மட்டும் அந்தப் பக்கமா நகத்தி வச்சுக்கங்க.

என் பேரு தணிகாசலம். திண்டுக்கல்தான். நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவன். வேட்டி புதுசா இருக்கேன்னு பாக்குறீங்க. ஒண்ணுமில்ல, பழசெல்லாம் துவைக்கப் போட்டிருக்கு. சட்டை பட்டுதான், அதுவும் பீரோவுல சும்மா கெடந்துச்சு. தலையில ஒரு பச்சைத் தொப்பி இருந்திருக்கணும். மூணு நாளா தேடுறேன், கொடியில காஞ்சது காணோம். அதான் வெறுந்தலையா வந்திருக்கேன்.

இன்னைக்கு மதுரையில என் பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. பதினொரு மணிக்கு, ரெஜிஸ்தர் ஆபீஸ்ல.

நான் அதுக்குப் போகலை. நான் போறது வேற வேலையா. யுனிவர்சிட்டியில ஒரு மேடத்தைப் பாக்கணும், டாக்டர் உமையாள்னு பேரு. ஊசி போடுற டாக்டர் இல்ல, படிச்ச டாக்டர். மனுஷங்க கும்பலாச் சேந்தா எப்படி யோசிக்கிறாங்க, ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் எப்படி மாறுறான், இந்தக் கும்பல் அந்தக் கும்பலைப் பத்தி என்ன நினைக்குது, இதெல்லாம்தான் அவங்க ஆராய்ச்சி. சமூக உளவியல்னு சொல்லுவாங்க. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நானே ஒன்றரை வருஷம் முன்னால வரைக்கும் கேள்விப்பட்டதில்ல. இப்ப எனக்கு அதுல ஓரளவு நல்ல பிடிமானம்.

எங்க ஏரியாவுல ஒரு குளம் இருக்கு. தண்ணி இருக்கோ இல்லையோ, சுத்திக் கரை இருக்கு. காலையில அஞ்சரைக்கெல்லாம் அங்க நடக்க வந்துருவோம். நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கம்னு பேரு. ஆயிரம் பேரு நடப்போம். பேச்சுக்குச் சொல்றேன், ஒரு எண்பது பேரு. நடந்து முடிச்சா வாழைத்தண்டு சூப்பு. பாதிப் பேருக்கு சுகரு, மீதிப் பேருக்குப் பிரஷரு, மத்தபடி நல்லா இருந்தோம்.

எனக்கு ஜோடி சவரிமுத்து. மில்லுல நானும் அவனும் முப்பது வருஷம் ஒரே ஷிப்டு. அவன் வேதக்காரன், ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவன், நான் சாமியே கும்பிடாதவன். நான் பகுத்தறிவுக்காரன் தம்பி. ராகுகாலம் பாக்க மாட்டேன், பூனை குறுக்க போனா நின்னு அதுக்கு வழி விடுவேன். பொண்ணுக்கு சுடர்க்கொடின்னு பேரு வச்சேன். வீட்டுல ஜாதகம்னு ஒரு நோட்டு கிடையாது. அவன் பையன் பெலிக்ஸும் சுடரும் விரும்புறாங்கன்னு தெரிஞ்சப்ப, ரெண்டு பேரும் குளத்துக் கரையில அரை ரவுண்டு நடந்தோம். 'என்னடா சொல்ற'ன்னான். 'நீ என்னடா சொல்ற'ன்னேன். 'எனக்குச் சந்தோஷம்டா'ன்னான். அவ்வளவுதான். சாதி பாக்கல, மதம் பாக்கல. மறுபாதி ரவுண்டு அரசியல் பேசிட்டு நடந்தோம். எந்த வீட்டுல நடக்கும் சொல்லுங்க? பெலிக்ஸுக்கு அப்ப துபாய்ல வேலை கிடைச்சிருந்துச்சு, ரெண்டு வருஷம் இருந்துட்டு வரட்டும், வந்ததும் முடிச்சிரலாம்னு பேச்சு.

அவன் அங்க இருக்கும்போதுதான் மேடம் வந்தாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை. கூட ரெண்டு மூணு ஸ்டூடண்ட்ஸ். ஒரு சின்ன ஆராய்ச்சி, உங்க பார்வைத் திறமையைப் பாக்கப் போறோம்னாங்க. சூப்பு வண்டிக்குப் பக்கத்துல ஒரு மேஜையைப் போட்டு, ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு, கண்ணு மூடித் தெறக்குற நேரம் ஒரு அட்டையைக் காட்டினாங்க. பூராப் புள்ளி. எத்தனை இருக்கும்னு சொல்லணும். எனக்கு என்ன தோணுச்சோ சொன்னேன். என்ன சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல. மேடம் தலையை ஆட்டிட்டு, 'நீங்க குறைச்சு மதிப்பிடுறவர் சார்'னு சொல்லி ஒரு பச்சைத் தொப்பி குடுத்தாங்க. அடுத்தது சவரி. அவனுக்கு ஊதாத் தொப்பி. 'நீங்க கூட்டி மதிப்பிடுறவர்'னுட்டாங்க.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? முப்பது வருஷமா புரியாதது புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அட, அதான் இவன் கல்யாண வீட்டுல சாம்பாரை ரெண்டு தடவை கேக்குறானா! அதான் ஒரு சின்ன காய்ச்சல் வந்தா சாகக் கெடந்தேன்னு சொல்றானா! கூட்டிச் சொல்றது அவன் ரத்தத்துலயே இருக்கு. பாவம், அவனைக் குத்தம் சொல்லக் கூடாது.

அதுக்கப்புறம் லட்டு. இங்கதான் நீங்க கவனிக்கணும்.

மேடம் சொன்னாங்க, உங்க பக்கத்து ஆளு ஒருத்தருக்கும் அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தருக்கும் லட்டு தரப் போறேன். யாருன்னு சொல்ல மாட்டேன். எத்தனை தரலாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டு வழிதான் இருக்கு. உங்க ஆளுக்கு ஏழு, அவங்க ஆளுக்கும் ஏழு. இல்லேன்னா உங்க ஆளுக்கு அஞ்சு, அவங்க ஆளுக்கு ரெண்டு. எது வேணும்?

நான் அஞ்சு-ரெண்டுன்னேன்.

ஏன் சிரிக்கிறீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? ஏழா? உங்க ஆளுக்கு ஏழு கிடைக்கும், சரி. ஆனா அவனுக்கும்ல ஏழு கிடைக்கும்! இதுல என்ன லாபம்? அஞ்சு-ரெண்டுன்னா நாம மூணு மேல. இது மூணாங்கிளாஸ் கணக்கு. பச்சைத் தொப்பி பூரா அதையேதான் சொல்லியிருக்கோம், ஒருத்தரை ஒருத்தர் கேக்காமலே. அது ஒற்றுமை. ஆனா ஊதாத் தொப்பிக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? அவங்களும் அவங்களுக்கு அஞ்சு, எங்களுக்கு ரெண்டுன்னு சொல்லியிருக்காங்க! எவ்வளவு கெட்ட எண்ணம் பாருங்க. நேத்து வரைக்கும் கூட நடந்தவங்க தம்பி.

கடைசியில லட்டு பாதிக்குப் பாதி மிஞ்சிப் போச்சு. மேடம் அதைச் சூப்பு வண்டிக்காரர் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டாங்க. அவரு எந்தத் தொப்பியும் வாங்கல, அதிகமாச் சாப்பிட்டது அவருதான்.

இது என்ன ஊரு, சின்னாளப்பட்டி பிரிவா? அங்க ஒரு பொம்பளை பேரம் பேசுது பாருங்க பூக்காரிகிட்ட. கூடுதல். பாத்தாலே சொல்லிருவேன்.

ஆமா, அப்படித்தான் பேரு ஆகிப்போச்சு. நாங்க குறைச்சல்காரங்க, அவங்க கூடுதல்காரங்க. மேடம் போயிட்டாங்க, தொப்பி தங்கிருச்சு. காலை வெயிலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வாரம் எல்லாரும் ஒண்ணாத்தான் நடந்தோம். அப்புறம் பச்சைத் தொப்பி கொஞ்சம் முன்னால, ஊதாத் தொப்பி கொஞ்சம் பின்னால. அப்புறம் ஒரு நாள் பாத்தா எங்க ஆளுங்க பூரா இடம் வலமாத் திரும்பி நடக்குறாங்க, அதாவது எதிர்ப்பக்கமா. யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியாது. எல்லாரும் நடந்தாங்க, நானும் நடந்தேன். எல்லாரும் நடக்குறாங்களேன்னு நான் நடக்கலை, அதை நல்லாப் புரிஞ்சுக்கங்க. நான் என் இஷ்டத்துக்கு நடந்தேன். அன்னைக்கு எனக்கே அந்தப் பக்கம் நடக்கணும்போல இருந்துச்சு.

மூஞ்சியில முழிக்க வேண்டாம்னுதான் எதிர்ப்பக்கம் நடந்தது. ஆனா பாருங்க, குளம் வட்டம். இவங்க இப்படிச் சுத்துனா அவங்க அப்படிச் சுத்துறாங்க. ஒரு ரவுண்டுக்கு ரெண்டு தடவை எதிர்ல வந்துடுறாங்க. முன்னெல்லாம் சவரியும் நானும் பக்கத்துல பக்கத்துல நடப்போம், ரெண்டு பேரும் முன்னால பாத்துட்டுப் பேசுவோம், நான் அவன் மூஞ்சியையே ஒழுங்காப் பாத்ததில்ல. பிரிஞ்சப்புறம்தான் தினம் நேருக்கு நேரா பாக்குறேன். வேற பக்கம் திரும்பிக்கத்தான் செய்வேன், அதுக்கு முன்னால ஒரு செகண்டு பாத்துருவேன்ல. இளைச்சிருக்கான் தம்பி. மேல் பல்லுல ஒண்ணு விழுந்திருக்கு. யாரு கூடவும் பேசாம நடக்குறான். நானும் தனியாத்தான் நடக்குறேன். எங்க பக்கத்துல நாப்பது பேரு இருக்காங்க, யாருக்கும் பேச வராது. குறைச்சல்காரங்க பாருங்க, அளந்துதான் பேசுவோம்.

ஒரு நிமிஷம், போன். என் சம்சாரம். அடிக்கட்டும், எடுக்கப் போறதில்ல. அவ நேத்தே மதுரைக்குப் போயிட்டா. அவளுக்குத் தொப்பி கிடையாது. எத்தனையோ தடவை கூப்பிட்டேன், வந்து ஒரு டெஸ்ட்டு எடுத்துக்க, நீ யாருன்னு உனக்கே தெரிய வேணாமான்னு. 'நான் யாருன்னு எனக்குத் தெரியும், சோறு ஆறுது வாங்க'ங்கிறா. படிக்காதவ.

எங்க விட்டேன்? ஆண்டு விழா. ஒரு வருஷம் முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் மேடத்துக்கு விழா எடுத்தோம். அவங்க கரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ், நாங்க இந்தப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ். 'எங்களை எங்களுக்கு அடையாளம் காட்டிய அன்னையே வருக'ன்னு போட்டோம். அவங்களும் அதையேதான் போட்டாங்க, ஆனா ஆறடி கூட. கூடுதல்காரங்க வேற என்ன செய்வாங்க?

மேடம் ஃபிளெக்ஸைப் பாத்ததும் கண்ணைக் கசக்கினாங்க. மேடை ஏறி மைக்கைப் பிடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க. 'ஐயா, அம்மா, தயவுசெஞ்சு கேளுங்க. உங்க பதிலை நாங்க பாக்கவே இல்ல. புள்ளி எத்தனைன்னு எங்களுக்கே தெரியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் உங்களைப் பிரிச்சோம். பச்சைக்கும் ஊதாவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ஒண்ணுமே இல்லாத ஒரு காரணத்துக்குக்கூட மனுஷங்க பிரிஞ்சு நிப்பாங்களான்னு பாக்கத்தான் செஞ்சோம். இதை அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன், நீங்க யாரும் கேக்கலை. தயவுசெஞ்சு பழையபடி ஒண்ணா நடங்க.'

அவங்க முடிச்சதும் கை தட்டினோம் பாருங்க! ரெண்டு பக்கமும். எழுந்து நின்னு தட்டினோம். என்ன ஒரு தன்னடக்கம்! அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செஞ்சுட்டு, சீட்டுக் குலுக்கினேன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? யுனிவர்சிட்டியில இருந்து காரு வச்சு வந்து சீட்டா குலுக்குவாங்க? எங்க வீட்டுல குலுக்கிக்க மாட்டோமா? ஊதாப் பக்கத்துல இருந்து சவரி எந்திரிச்சு, 'மேடம் நம்மளைச் சோதிக்கிறாங்க, யாரும் ஏமாறாதீங்க'ன்னு கத்தினான். நான் இந்தப் பக்கம் இருந்து 'கரெக்ட்டு'ன்னு கத்தினேன். ஒன்றரை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரே தடவைதான்.

அப்புறம் பொன்னாடை. ரெண்டு பக்கமும் போத்தினோம். மேடம் அழுதுட்டாங்க. அவ்வளவு சந்தோஷம்.

கொடைரோடு வந்துருச்சா? டோல்கேட்டுல நிப்பான். தண்ணி குடிக்கிறீங்களா? பரவால்ல, வாய் வச்சே குடிங்க. சரி, தூக்கியே குடிங்க.

இந்த நேரம் பாத்து பெலிக்ஸ் வந்து சேந்தான். நல்ல பையன், அதுல ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கால்ல விழுந்தான், எழுப்பி உக்கார வச்சு ஒரு அட்டையைக் காட்டினேன். நானே புள்ளி வச்சுத் தயார் பண்ணின அட்டை. 'எத்தனைப்பா?'ன்னு கேட்டேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? அட்டையைக் கையில வாங்கி, விரலை வச்சு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண ஆரம்பிச்சுட்டான்! எண்ணி முடிச்சு, 'நாப்பத்தி ஏழு மாமா'ன்னான். சரியான விடை. அதான் எனக்குப் பயமாப் போச்சு. கூடுதல்னா கூடுதல்னு தெரியும். குறைச்சல்னா நம்ம ஆளு. எண்ணிச் சொல்றவனை எந்தப் பக்கம் சேக்குறது? நாளைக்குப் பேரப்பிள்ளை பொறந்தா அதுக்கு எந்தத் தொப்பி போடுறது? சொல்லுங்க.

சுடர் சிரிச்சுச்சு. நான் சொன்னேன், 'சிரிக்காத, நான் என்ன பத்துப் பொருத்தமா பாக்குறேன்? ஜாதகம் கேட்டேனா? சாதி கேட்டேனா? ஒரே ஒரு பொருத்தம், புள்ளிப் பொருத்தம். அறிவியல் முறைப்படி.' அப்பதான் அதுக்குக் கோபம் வந்துச்சு. 'அப்பா, சவரி மாமா தோள்ல உக்காந்து திருவிழா பாத்தவ நான். அவரு எனக்கு எந்தத் தொப்பி?'ன்னு கேட்டுச்சு. சின்ன வயசுலேருந்தே மாமான்னுதான் கூப்பிடும். அதுக்கு என்கிட்ட அட்டை இல்ல. அதுனால சத்தம் போட்டேன்.

அந்தப் பக்கம் சவரியும் அதே கூத்துதான். 'தணிகாசலம் வந்து பையனுக்கு ஊதாத் தொப்பி குடுத்துக் கூப்பிடட்டும், அப்ப வர்றேன்'னானாம். என்ன திமிரு. பிள்ளைங்க ரெண்டும் எங்க ரெண்டு பேரையும் பாத்துச்சு, ஒரு மாசம் பாத்துச்சு, போய் ரெஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதி வச்சிருச்சு. போன வாரம் சுடர் போன் பண்ணி, 'அப்பா, வெள்ளிக்கிழமை பதினொரு மணி. நீங்க வந்தா நான் உங்க கையைப் பிடிச்சுட்டு உள்ள போவேன். வரலைன்னா அம்மா கையைப் பிடிச்சுட்டுப் போவேன். ஆனா வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பேன்'னுச்சு.

ம். 'வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பேன்.' ராத்திரி படுத்தா அதுதான் காதுல கேக்குது.

ஆனா நான் யோசிச்சேன் தம்பி. நான் போனா என்ன ஆகும்? எனக்குச் சந்தோஷம்தான், பொண்ணு கல்யாணத்தைப் பாத்துருவேன். ஆனா அவனுக்கும்ல சந்தோஷம்! சம்பந்தி வந்து நின்னாருன்னு நெஞ்சை நிமித்துவான். நான் போகலைன்னா எனக்கு நஷ்டம்தான், ரொம்ப நஷ்டம், ஒரே பொண்ணு. ஆனா அவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம். பொண்ணு பக்கத்துல அப்பனே வரலைன்னு நாலு பேரு கேப்பாங்கள்ல? அஞ்சு-ரெண்டு. லட்டுக் கணக்கேதான். அன்னைக்குச் சரியாப் போட்ட கணக்கை இன்னைக்கு மாத்த முடியுமா?

இந்தக் கணக்கைப் போட்டதுக்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கலை. அது ஏன்னு எனக்குத் தெரியலை, சுகரா இருக்கும்.

அதுக்குத்தான் மேடத்தைப் பாக்கப் போறேன். போனுல கேட்டா அவங்க பிடி குடுக்க மாட்டேங்கிறாங்க. நேத்துகூட, 'சார், என்னைப் பாக்க வராதீங்க, கல்யாணத்துக்குப் போங்க'ன்னு கெஞ்சுறாங்க. மேடம் எதைச் சொன்னாலும் அதுக்குள்ள ஒரு சோதனை இருக்கும். நான் நேரா போய் உக்காந்துருவேன். ஒரே ஒரு வார்த்தை, பெலிக்ஸ் குறைச்சல்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா போதும். பத்தரைக்குச் சொல்லிட்டாக்கூட ஒரு ஆட்டோவைப் பிடிச்சு பதினொண்ணுக்குள்ள போயிரலாம். வழி கேட்டு வச்சிருக்கேன். மாலை வேணும்னா அங்கேயே வாசல்ல விக்குதாம், அதையும் கேட்டு வச்சிருக்கேன். லட்டு மேடத்துக்குத்தான். நெய் லட்டு, சுடருக்குப் பிடிச்சது.

மணி என்ன? பத்தேகாலா? இந்த டிரைவர் ஏன் உருட்டுறாரு? வாடிப்பட்டி தாண்டிருச்சுல்ல?

இந்தா, மறுபடி போன். பதினொரு தடவை அடிச்சுட்டா. எடுத்துத் தொலைக்கிறேன்.

ஹலோ. பஸ்ல... இல்ல, நான் யுனிவர்சிட்டிக்குப் போறேன். சொன்னேன்ல... என்னது? யாரு? சவரியா? வந்துட்டானா?... எந்தத் தொப்பி? ஏ, நல்லாப் பாத்துச் சொல்லு, கண்ணாடி போட்டிருக்கியா?... பச்சையா?

இரு. இரு. மூச்சு விட்டுக்கிறேன்.

தம்பி, சவரி பச்சைத் தொப்பி போட்டுட்டு வந்து நிக்கிறானாம். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலையில பச்சைத் தொப்பி. ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல. அவங்க ஆளுங்களே முப்பது நாப்பது பேரு ஊதாவுல வந்திருக்காங்களாம், எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்களாம், இவன் மட்டும் பச்சை. 'இன்னைலேருந்து நான் குறைச்சல்காரன், எவன் என்ன சொல்லுவான்?'னு சத்தமாச் சொல்லிட்டானாம்.

ஏம்மா, தொப்பி ஏது அவனுக்கு?... நீ குடுத்தியா? கொடியில காஞ்சதா? அது என் தொப்பி! மூணு நாளா நான் சட்டிக்குள்ள பானைக்குள்ளலாம் தேடுறேன்... பெருசா இருக்கா? கண்ணு வரைக்கும் இறங்குதா? இறங்கும், அவன் தலை சின்னது. பின்னால ஒரு பட்டை இருக்கும், இழுத்துப் பிடிக்கச் சொல்லு. இல்ல, நீ சொல்ல வேணாம். போனை அவன்கிட்ட குடு.

குடுங்குறேன்ல.

...டேய்.

...ம். நான்தான்.

...ஆமா, பஸ்லதான் வர்றேன். சமயநல்லூர் வந்துருச்சு. சாப்பிட்டியா?... நானும் இல்ல. ஏன்டா இளைச்சுப் போயிருக்க? பல்லு எப்ப விழுந்துச்சு?... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல... சரி விடு. சுடர் எங்க? வாசல்லதான் நிக்குதா? ம். நிக்கச் சொல்லு. உள்ள போகக் கூடாதுன்னு சொல்லு. டேய், எத்தனை பேருடா வந்திருக்காங்க அங்க?

...என்னது?

...யாருமே வரலையா? ஏன்டா, இப்பதானே அவ முப்பது நாப்பது பேருன்னா?... நான் வராம யாரு வந்து என்னவா...

...ம்.

...ம். வர்றேன். வர்றேன்டா. வை.

கொஞ்சம் இருங்க தம்பி. அழுகை வருது, வந்துட்டுப் போகட்டும்.

கேட்டீங்களா அவன் சொன்னதை? நாப்பது பேரு முன்னால நிக்கிறாங்க. நாப்பது பேரு. எத்தனை பேருடான்னு கேட்டா, 'யாருமே வரலடா, நீ வந்தாத்தான்டா கணக்கே ஆரம்பம்'ங்கிறான். பாத்தீங்களா? நாப்பதைப் பாத்துட்டு சைபர்ங்கிறான்! அசல் குறைச்சல்காரன்! என்னாலகூட அவ்வளவு குறைச்சுச் சொல்ல முடியாது. இத்தனை நாளும் அவன் எங்க ஆளாத்தான் இருந்திருக்கான், மேடம்தான் தொப்பியை மாத்திக் குடுத்திருக்காங்க. இதுக்கு மேல டெஸ்ட்டு எதுக்கு? யுனிவர்சிட்டி எதுக்கு? அப்பனே இப்படின்னா பையன் எப்படி இருப்பான்? பொருத்தம் அப்படியே ஒட்டிப் போச்சு!

அறிவியல் பொய் சொல்லாது தம்பி.

ஆரப்பாளையம் வந்துருச்சு, இறங்கணும். ஏம்ப்பா கண்டக்டரு, ரெஜிஸ்தர் ஆபீஸுக்கு ஆட்டோ எந்தப் பக்கம் நிக்கும்? சீக்கிரம் சொல்லுப்பா, பொண்ணு வாசல்ல நிக்குது!

இந்தாங்க, சந்தோஷமான நேரம், உங்களுக்கு லட்டு தராம இறங்கக் கூடாது. பெட்டியைப் பிடிங்க, பிரிக்கிறேன். பிடிச்சதை எடுத்துக்கங்க, அள்ளி எடுத்துக்கங்க. இது என் பொண்ணு கல்யாண லட்டு.

இருங்க. ஏறினப்ப நீங்க எவ்வளவு சொன்னீங்க?

அறுபது.

ம். ரெண்டு எடுத்துக்கங்க.